உருமிக்கு ஒரு பாடவேளை

கர்நாடக இசையின் பெரும் ஆவணங்களுள் ஒன்றான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் அச்சானது சென்னையிலும் அல்ல, தஞ்சையிலும் அல்ல, எட்டயபுரத்தில். கரிசல் காட்டின் நடுவே, வித்யா விலாசினி அச்சகத்தில், தெலுங்கு எழுத்தில், கமகக் குறிகளை ஒவ்வொன்றாகக் கோத்து அதை உருவாக்கியவர் சுப்பராம தீட்சிதர். அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன், 1835-இல், முத்துசாமி தீட்சிதர் உயிர் நீத்ததும் இதே ஊரில்தான். அவருடைய சமாதியைத் தேடி இன்றும் சங்கீதக்காரர்கள் வருகிறார்கள்.

இந்த நூலை ஆதரித்து அச்சேற்றிய எட்டயபுரம் ஜமீன் இராஜகம்பள நாயக்கர் (கம்பளத்தார்) குலத்தைச் சேர்ந்தது. அதே குலத்தின் எளிய குடிகள் சுற்றுப்பட்டிகளில் ஆடு மாடு வளர்த்தும் மானாவாரியில் கம்பும் சோளமும் பருத்தியும் விதைத்தும் வாழ்ந்தார்கள். கல்யாணத்துக்கும், பெண் சடங்கானதற்கும், சக்கம்மாள் கோயில் கொடைக்கும், சாவுக்கும் அவர்கள் ஆடினார்கள். இரண்டு கைகளிலும் துண்டு பிடித்து, தேவதுந்துபி என்று அவர்கள் சொல்லும் உருமியின் அடிக்கு அடி மாற்றி ஆடும் தேவராட்டம் அது. அரண்மனைக்குள் வீணை ஒலித்த அதே பொழுதில் ஊர் மந்தையில் உருமி ஒலித்தது. வீணையின் இசை புத்தகமாயிற்று. உருமியின் இசை கால்களிலும் தோலிலும் தங்கிவிட்டது. பிறகு பள்ளிக்கூடம் வந்தபோது, புத்தகத்தில் இருந்த இசை வகுப்பறைக்குள் நுழைந்தது. மற்றது சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆன பின்பும் அது அங்கேயே நிற்கிறது என்பதுதான் என் வருத்தம்.

இந்த மண்ணிலேயே இதற்கு மாற்றாக ஒரு மனிதர் வாழ்ந்து காட்டினார். விளாத்திகுளம் சுவாமிகள் என்று நாம் அறிந்த நல்லப்ப சுவாமிகள், 1889-இல் பிறந்து 1965-இல் மறைந்தவர், காடல்குடி ஜமீன் வழியில் வந்தவர். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அவருடைய இசையில் மயங்கிக் கிடந்தவர்கள். இடைசெவலில் பிறந்த அந்த இரண்டு எழுத்தாளர்களின் சங்கீத ஞானத்துக்குப் பின்னால் சுவாமிகளின் குரல் இருக்கிறது. கரகரப்பிரியாவை மணிக்கணக்கில் விரித்துப் பாடியவர் என்று அவரைப் பற்றி இன்றும் இந்த வட்டாரத்தில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அவர் முக்கியமாகத் தெரிவது இன்னொரு காரணத்தால். இராகங்களின் வேரை அவர் கிராமத்து மெட்டுகளில் தேடினார். களையெடுப்புக்காரியும் ஒப்பாரிக்காரியும் பாடுவதைச் சங்கீதத்தின் ஊற்றாகவே கேட்டார். அவர்களைச் சீர்திருத்திச் சங்கீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. சங்கீதம் அவர்களிடமிருந்து வந்தது என்பதே அவர் துணிபு.

புன்னாகவராளியும் நாதநாமக்கிரியையும் செஞ்சுருட்டியும் ஆனந்தபைரவியும் நாட்டார் மெட்டுகளிலிருந்து வளர்ந்தவை என்று இசை அறிஞர்கள் இன்று பொதுவாக ஒப்புகிறார்கள். பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கழுகுமலை முருகனுக்குக் காவடி சுமந்து போகிறவர்களின் நடையில் பிறந்த காவடிச்சிந்தை அண்ணாமலை ரெட்டியார் இலக்கியமாக்கினார். அது சபா மேடைகளில் கச்சேரியின் கடைசிப் பகுதிக்கு அழகு சேர்க்கும் உருப்படியாயிற்று. மெட்டு மேடையேறிய கதை எல்லாருக்கும் தெரியும். மெட்டுக்குச் சொந்தக்காரர்களின் பிள்ளைகள் அந்த மேடைக்கு ஏன் போகவில்லை என்ற கேள்வியைத்தான் நாம் அதிகம் கேட்பதில்லை.

இப்போது விளாத்திகுளம் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு அரசு நடுநிலைப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் கம்பளத்தார் வீட்டுப் பையன் இருப்பான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். அருந்ததியர் வீட்டுப் பெண் இருப்பாள். அவளுக்கும் வீட்டில் தெலுங்குதான், ஆனால் வேறு தெலுங்கு. பறையர், பள்ளர், மறவர், நாடார் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். கோவில்பட்டிப் பக்கம் என்றால் காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகுத்திருக்கும் ஆறு சமூகங்களில் ஒன்று அவர்களுடையது. மலையில் இருக்கும் காட்டுநாயக்கரை அடையாளம் காணும் அரசு, சமவெளியில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கொடுக்கத் தயங்குகிறது. தென் மாவட்டங்களில் அந்தச் சான்றிதழுக்காகவே பள்ளிப் பிள்ளைகள் பெற்றோரோடு போராட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே தாமிரபரணிப் பக்கம் போனால் கணியான்கள். பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். சுடலைமாடன் கொடைகளில் மகுடம் என்னும் தோற்கருவி அடித்துக் கதை பாடும் கணியான் கூத்து அவர்களுடையது. கம்பளத்தார் பழங்குடிப் பட்டியலில் இல்லை. தொட்டிய நாயக்கர் என்ற பெயரில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் பட்டியல்களில் இருக்கிறார்கள். பட்டியல்கள் எப்படிப் பிரித்தாலும் இந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவான ஒன்று உண்டு. பள்ளிக்கு வரும் முன்பே இவர்கள் காதில் இசை ஏறியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அது தெரியாது.

தெரிந்துகொள்ள அங்கே ஆளும் இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர். கரிசல் கிராமங்களில் மூன்று வகுப்பிலும் சேர்த்து நாற்பது பிள்ளைகள் இருந்தாலே பெரிது. மழை பொய்த்து, ஊர் ஊராகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போன பிறகு எண்ணிக்கை இன்னும் சுருங்கிவிட்டது. ஆகவே எந்தப் பிள்ளைகளிடம் இசை மிகுதியாக இருக்கிறதோ அவர்களுடைய பள்ளிக்குச் சட்டப்படியே இசை ஆசிரியர் கிடையாது. 2012-இல் தமிழ்நாடு அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி, இசை எல்லாம் அதற்குள் அடக்கம். மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொகை கூடியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் இன்னும் தெருவில் நிற்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் இசைக்கு வந்தவர்கள் சிறு பகுதி. அவர்களும் அரசு இசைத் தேர்வு எழுதி, ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்று வந்தவர்கள். அதாவது சரளி வரிசையும் கீதமும் படித்துத் தேறியவர்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சம்பளத்துக்கு அவர்கள் செய்வது பெரிய காரியம். ஆனால் உருமி அடிக்கிறவருக்கு அந்தச் சான்றிதழைப் பெற வழியே இல்லை. அவருடைய வித்தைக்கு அப்படியொரு தேர்வு கிடையாது.

தூத்துக்குடியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மாநிலத்தில் இப்படிப் பதினேழு. மூன்றாண்டுப் படிப்பு, குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு துறைகள். இதில் நாதசுரமும் தவிலும் இடம்பெற்றதே பெரிய வெற்றி என்பதை மறுக்க மாட்டேன். கோவில்பட்டியில் நாதசுர வித்துவான் காருகுறிச்சி அருணாசலத்துக்குச் சிலை இருக்கிறது. அந்த மரபில் வந்த கரிசல் நாதசுரக்காரர்கள் பட்ட அவமானங்களை எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' எழுதிக் காட்டியது. அதற்கு 2018-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. இசைக்கருவியாக ஏற்கப்பட்ட நாதசுரத்துக்கே அந்த நிலை என்றால், இசைக்கருவி என்றே எண்ணப்படாத உருமியையும் மகுடத்தையும் பற்றி என்ன சொல்ல. அண்மை ஆண்டுகளில் நாட்டுப்புறக் கலைகளுக்கு அரசு பகுதிநேரப் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. மூன்றாண்டு முழுநேரப் படிப்பு என்னும் மதிப்பு மட்டும் இன்னும் அந்த ஏழு துறைகளுக்கே.

பள்ளிக் கல்வித்துறை 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழாவைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் பள்ளி அளவிலிருந்து மாநில அளவு வரை பறையும் ஒயிலும் கும்மியும் கொண்டு மேடையேறினார்கள். கலையரசன், கலையரசி என்று பட்டம் பெற்றார்கள். அந்த மேடையைப் பார்த்த எவரும் நெஞ்சு நிறையாமல் திரும்பியிருக்க முடியாது. நானும் அப்படித்தான் திரும்பினேன். என் மனக்குறை மேடைக்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களைப் பற்றியது. போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஊரிலிருந்து ஆட்டக்காரர் ஒருவர் வரவழைக்கப்படுகிறார். மைதானத்து வேப்பமரத்தடியில் ஐந்து நிமிட ஆட்டம் ஒன்று தயாராகிறது. போட்டி முடிகிறது. கலைஞருக்குச் சால்வை. மறுநாள் மணியடித்தால் கணக்குப் பாடம். அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் ஆடிய தாளம் எத்தனை எண்ணிக்கையில் சுழல்கிறது, எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதில்லை. விழாவுக்கு அழைப்பதோடு நின்றுவிடுகிறோம். படிக்க வேண்டிய ஒன்றாக அதை இன்னும் நாம் நினைக்கவில்லை.

இதில் சாதியின் முள் ஒன்று இருக்கிறது. அதைத் தொடாமல் பேசுகிற எந்தப் பேச்சும் பொய். தோற்கருவி அடிப்பது நம் ஊர்களில் விருப்பத்தால் வந்ததல்ல, கடமையாகச் சுமத்தப்பட்டது. சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிபட்ட தலைமுறைகள் இங்கே உண்டு. கருவியைக் கீழே போட்டதே அவர்களுக்கு விடுதலை. அந்த வீட்டுப் பிள்ளையை வகுப்பில் எழுப்பி, 'உனக்குத்தான் தெரியுமே, நீ அடி' என்று சொல்கிற ஆசிரியர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருக்கலாம். கூட இருக்கும் முப்பது பிள்ளைகளுக்கும் அது என்னவாகக் கேட்கிறது என்பதை அந்தப் பிள்ளை மட்டும் அறியும். சில பிள்ளைகள் வீட்டில் கருவி இருப்பதையே பள்ளியில் சொல்வதில்லை. அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதுகிறார்கள்.

ஆகவே பறையையும் உருமியையும் மகுடத்தையும் பள்ளிக்குள் கொண்டுவந்தால், எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கொடுக்க வேண்டும். நாயுடு வீட்டுப் பிள்ளையும் பிள்ளைமார் வீட்டுப் பிள்ளையும் அதே குச்சியைப் பிடித்து, அதே தோலில் அடித்து, தப்பு விட்டு, திருத்திக்கொள்ள வேண்டும். அடிக்க விரும்பாத பிள்ளையை, யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், வற்புறுத்தக் கூடாது. வயலின் வாசிக்க விரும்புகிற கணியான் வீட்டுப் பெண்ணுக்கு வயலின் கிடைக்க வேண்டும். பாட்டன் தொழிலைப் பேரன் தலையில் மறுபடி கட்டிவைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சொல்ல முடியாது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த தேவராட்டத்தை இன்று பள்ளி, கல்லூரிப் பெண்கள் ஆடுகிறார்கள். மரபு அதனால் குறைந்துபோகவில்லை. ஜமீன் கோடங்கிப்பட்டி ஆட்டக்காரர்களே வெளியாருக்கும் அதைக் கற்றுக்கொடுத்து நாடெங்கும் கொண்டுபோனவர்கள்.

உலகம் இந்தக் காரியத்தில் செய்த கொடுமையையும் பரிகாரத்தையும் ஒரு கணம் பார்க்கலாம். அமெரிக்காவில் 1879-இல் பென்சில்வேனியாவின் கார்லைலில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப் பள்ளி திறந்தார்கள். பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், மொழியைத் தடுத்தார்கள்; கையில் பித்தளைக் கருவிகளைக் கொடுத்து பேண்டு வாத்தியம் பழக்கினார்கள். 1883-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பாலம் திறந்தபோது அந்தப் பிள்ளைகளின் பேண்டும் அணிவகுத்து வாசித்தது. இசைக் கல்வி அங்கே குறைவின்றிக் கிடைத்தது. தங்கள் இசையை மறப்பதற்கான கல்வி. கனடாவில் பூர்வகுடிகளின் பாட்டும் ஆட்டமும் கூடிய போட்லாட்ச் சடங்கே 1885 முதல் 1951 வரை சட்டப்படி குற்றம். நியூசிலாந்து பிற்பாடு வேறு பாதைக்குத் திரும்பியது. மாவோரிகளின் கபா ஹக்கா இன்று அங்கே பள்ளித் தேர்வுக்கு மதிப்பெண் தரும் பாடம். மாவோரி அல்லாத பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்கள். நம்மிடம் கார்லைல் போல் தடை எதுவும் இருந்ததில்லை. யாரும் உருமியைப் பிடுங்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கேட்டால் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

உருமி இடை சிறுத்த, இரு முகக் கருவி. ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் தட்டுவார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க ஒலி கீழிருந்து மேலே வழுக்கி ஏறும், விம்மும், இறங்கும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அறுபடாமல் போவதைக் கர்நாடக இசை ஜாரு என்று சொல்லிக் கமகங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதைக் குரலில் விளங்கவைக்க ஆசிரியர் படும் பாடு கொஞ்சமல்ல. கம்பளத்தார் வீட்டுப் பையன் அதைத் தோலில் கேட்டே வளர்ந்திருக்கிறான். அவனிடம் உருமியைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்லிவிட்டு, 'இதையே இப்போது தொண்டையில் செய்' என்றால் முடிந்தது பாதிப் பாடம்.

மகுடத்தில் வேறொரு பாடம் இருக்கிறது. கணியான் கூத்தில் இரண்டு மகுடங்கள். ஒன்று உச்சம், மற்றது மந்தம். அண்ணாவி கதையைப் பாட, ஒன்று அடித்தளம் பிடிக்க, மற்றது அதன்மேல் ஏறிப் பேசும். தோல் தளர்ந்தால் சருகைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் காட்டிச் சுருதி ஏற்றுவார்கள். வெப்பத்தில் ஈரம் போய்த் தோல் இறுகுவதும், இறுகினால் அதிர்வெண் கூடுவதும், ஒலி உயர்வதும் எட்டாம் வகுப்பு அறிவியல். 'ஒலியியல்' பாடத்தில் படமாக மட்டும் பார்க்கிறதைக் கண்ணெதிரே கையால் தொட்டுப் பார்க்கலாம். கும்மியின் கைதட்டில் மூன்றுக்கு மூன்றாகத் திசிர நடை இருக்கிறது. தேவராட்டத்தில் பாட்டு இல்லை. உருமிதான் ஆணையிடும், கால்கள் கேட்கும். அதன் அடவுகள் எளியவற்றில் தொடங்கிப் படிப்படியாகச் சிக்கலாகின்றன. சரளியில் தொடங்கி அலங்காரத்துக்குப் போவதுபோல் அதற்கும் ஒரு பாடமுறை இருக்கிறது. யாரோ உட்கார்ந்து எழுதினால் போதும். சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் தம் முதுமையில் உட்கார்ந்து எழுதினாரே, அப்படி.

மெட்டு என்று வந்தால் வீட்டுக்கு வீடு பாடம் இருக்கிறது. கம்பளத்தார் பாட்டியின் தெலுங்குத் தாலாட்டை அவள் பேத்தி வகுப்பில் பாட வெட்கப்படுவாள், மொழி வேறு என்பதால். எட்டயபுரத்தில் அச்சான அந்தப் பெரிய சங்கீத நூல் தெலுங்கு எழுத்தில்தான் வந்தது என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிக்கொண்டே அம்மாக்கள் பாடிய பாட்டுகளும், மிளகாய்ப் பழம் எடுக்கும்போது பாடியவையும் கடைசித் தலைமுறையின் தொண்டையில் இருக்கின்றன. அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது வயது.

தேசியக் கல்விக் கொள்கை 2020 உள்ளூர்க் கலைஞர்களைப் பயிற்றுநராக அமர்த்தலாம் என்கிறது. அந்தக் கொள்கையின் வேறு பல கூறுகளோடு தமிழ்நாட்டுக்கு உள்ள கருத்து மாறுபாடு நியாயமானது. இந்த ஒன்றைச் செய்ய எந்தக் கொள்கையின் அனுமதியும் நமக்குத் தேவையில்லை. விளாத்திகுளம் சுவாமிகள் எந்த அரசாணையையும் பார்த்து ஒப்பாரிக்குக் காது கொடுக்கவில்லை.

எனவே மூன்று வேண்டுகோள்கள். விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், கயத்தாறு வட்டாரங்களில் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட வேண்டும்: வாரம் ஒரு பாடவேளை ஊர்க் கலைஞர் வகுப்பெடுப்பார், அவருக்கு ஆசிரியருக்குரிய நாற்காலியும் மதிப்பூதியமும் உண்டு. நூறு பிள்ளைகள் என்ற வரம்பை மாநில அரசு சிறிய பள்ளிகளுக்குத் தளர்த்தி, நான்கைந்து ஊர்களுக்கு ஒரு இசைப் பயிற்றுநரையாவது போட வேண்டும். மூன்றாவதாக, தூத்துக்குடி இசைப்பள்ளியில் எட்டாவது துறையாக உருமியும் மகுடமும் பறையும் மூன்றாண்டுப் படிப்பாக வர வேண்டும். அதன் முதல் ஆசிரியர்களைத் தேர்வு எழுதச் சொல்லாமல், வாசிக்கக் கேட்டு எடுக்க வேண்டும்.